பாலாலயத்தில் ஒரு லாரி

ஆண்டுதோறும் ஆயுத பூஜை நாளில் அடியேன் சங்ககிரிக்குச் செல்வது வழக்கம். வீட்டுப் பூஜையைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, சேலத்திலிருந்து பேருந்தில் புறப்பட்டு, அவ்வூரின் எல்லையில் உள்ள ஒரு லாரிப் பட்டறைக்குப் போய்ச் சேர்வேன். முதல் நாளே கழுவித் துடைத்த வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். முன்புறத்தில் இரு பக்கமும் வாழைக்கன்று. கண்ணாடியில் திருநீற்றுப் பட்டையும் சந்தனக் குங்குமமும். சக்கரம் தோறும் மஞ்சள் பொட்டு. பட்டறையின் நடுவே விரித்த தலைவாழை இலையில் ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல், டயர் கழற்றும் லீவர் ஆகிய அனைத்தும் துலக்கப்பெற்று, பொட்டிட்டு, பொரிகடலைக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும். தீபாராதனை ஆனதும் பூசணிக்காய் உடைபடும். சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டிகளை ஒரு முழம் முன்னே நகர்த்துவார்கள். அத்தனை இஞ்சின்களும் ஒரே வேளையில் முழங்கும் அந்த ஓசை, அடியேன் செவிக்கு மங்கல வாத்தியம் போலவே ஒலிக்கும்.

பக்தி இதழில் லாரிக்கு என்ன வேலை என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். சிவாலயங்களில் அஸ்திர தேவர் என்று சூலத்திற்கே தனி வழிபாடு உண்டு. பெருமாள் கோயில்களில் திருவாழி சக்கரத்தாழ்வாராகச் சந்நிதி கொண்டிருக்கிறது. ஆயுதத்தையும் வாகனத்தையும் வணங்குவது நம் மரபு. ஆயினும் அடியேன் அந்தப் பட்டறைக்குப் போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. முப்பத்தேழு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பணியில் என் கையால் நேர்ந்த ஒரு பிழையை நினைவிற்கொள்வதற்காகவே அங்கு போகிறேன். அந்தப் பிழைதான் என்னை லாரிகளின் அன்பனாகவும் ஆக்கிற்று.

பதினைந்து நிமிட ஆய்வு

1984 ஆம் ஆண்டு. அப்போது நான் சங்ககிரிப் பகுதியில் ஒரு வங்கிக் கிளையில் இளம் அதிகாரி. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் மூன்றும் அந்நாளில் ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தன. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997 இல்தான். மழை பொய்த்த மேட்டுநிலம் அது. உழவை மட்டும் நம்ப முடியாத குடும்பங்கள் லாரியை நம்பின. அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவார்கள். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் கிளீனராகப் போவார், வீட்டுப் பெண்கள் வரவு செலவு பார்ப்பார்கள். சங்ககிரி லாரிகளுக்குப் பெயர் பெற்றது. நாமக்கல் பாடி கட்டும் தொழிலில் சிறந்தது. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளோ இந்தியா முழுதும் சென்று பூமியைத் துளைத்தன.

கடன் வழங்கிய வண்டிகளை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. வண்டியின் முதுகெலும்பாகிய சேஸிஸ் இரும்பில் ஓர் எண் பொறித்திருக்கும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் எழும்பி வரும். அந்தப் பென்சில் படியைக் கோப்பில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். டயர் தேய்ந்திருக்கிறதா, காப்பீடு நடப்பில் உள்ளதா, எப்.சி. வாங்கியாயிற்றா என்று குறித்துக்கொள்ள வேண்டும். லாரி என்பது எனக்கு அப்போது ஒரு ஈட்டுப் பொருள். ஆண்டுதோறும் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்து, ஒரு நாள் சூனியத்தில் முடியும் கணக்கு.

அப்படி ஆய்வுக்கு வந்த வண்டிகளுள் ஒன்று, 1968 ஆம் ஆண்டு டாடா மெர்சிடிஸ் பென்ஸ். மூன்றாம் கைக்கு வந்த பழைய வண்டி. அவ்வளவு பழையதற்குக் கடன் தருவது அரிது. எனக்கு முன்பிருந்த ஒரு மேலாளர், ஓட்டுநர்-உரிமையாளரின் நாணயத்தை நம்பிக் கொடுத்திருந்தார். ஐந்து மாதத் தவணை நிலுவையில் நின்றது. ‘வண்டியைப் பார்த்து எழுதவும்’ என்று எனக்கு உத்தரவு.

பட்டறைக்குப் போனேன். பின்புறத்து வேப்பமரத்தடியில் நான்கு மரக்கட்டைகளின்மேல் அந்த வண்டி நின்றது. சக்கரங்கள் இல்லை. முன்மூடியைத் திறந்தால் இஞ்சின் இருக்க வேண்டிய இடம் வெறும் பள்ளம். பாடி கழற்றப்பட்டு, இரும்புச் சட்டம் மட்டும் எலும்புக்கூடாய்க் கிடந்தது. அதன்மேல் வேப்பஞ்சருகு. ஒரு கோழி அதன் நிழலில் குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது. உரிமையாளர் எங்கே என்று கேட்டேன். சேலம் போயிருக்கிறார் என்றான் பட்டறைப் பையன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சேஸிஸ் எண்ணைத் தேய்த்தெடுத்தேன். முதல் படி தெளிவாக வராததால் இரண்டாவதும் எடுத்தேன். வந்த வேலை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

‘வண்டி ஓடும் நிலையில் இல்லை. உதிரி இரும்பாகவே விலைபோகும்’ என்று அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டேன்.

அந்த ஒரு வரியின் பேரில் வண்டி ஜப்தி ஆயிற்று. ஏலத்தில், நான் குறித்த மதிப்பைக் காட்டிலும் சில நூறு ரூபாய் கூடுதலாகப் போயிற்று. மீதிக் கடனை அடைக்க அவர் அரை ஏக்கர் நிலத்தை விற்றதாகப் பின்னர்க் கேள்விப்பட்டேன். நான் விதிப்படிதானே செய்தேன் என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டேன்.

தொப்பூரில் ஏறிய பாடம்

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. தருமபுரிக்கு மாற்றலாகியிருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு, சேலத்துக்கு வரும் வழியில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. சாலையோரத்தில் நின்ற எங்களைக் கண்டு ஒரு லாரி நின்றது. பெங்களூர்ப் பக்கமிருந்து பாரம் ஏற்றி வந்த வண்டி. ‘ஏறுங்க சார்’ என்று கதவு திறந்தது. கிளீனர் பின்பலகைக்கு நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

உள்ளே சிறு நீலவிளக்கின் ஒளியில் முருகன், மாரியம்மன், நாமக்கல் ஆஞ்சநேயர் படங்கள். மல்லிகைச் சரம். டாஷ்போர்டு இடுக்கில் செருகிய ஊதுவத்தி. நீண்ட மூக்கும், அதன் நுனியில் வட்டத்திற்குள் மூன்று முனை நட்சத்திரமும் கொண்ட பழைய வண்டி. பேச்சுக்காகக் கேட்டேன்: ‘இது எந்த வருஷத்து வண்டி?’

‘அறுபத்தெட்டுங்க சார். நீங்க பென்சில் வச்சுத் தேய்ச்ச வண்டிதானுங்க.’

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த உரிமையாளர். ஏலத்தில் எடுத்தவர் வண்டியைப் பூட்டி ஓட்டத்துக்கு விட்டிருந்தார். தம் வண்டியையே அவர் மாதச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. அவரோ ஒன்றும் நடவாதது போல் சாலையைப் பார்த்தபடி இருந்தார். தொப்பூர்க் கணவாயின் இறக்கம் வந்தது. லாரிக்காரர்களுக்கு அந்தப் பெயரே போதும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் வண்டிகளுக்கு அங்கே நெடிய சரிவு. பாரத்தோடு உருளும் வண்டியைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால், டிரம் சூடேறி, பிடிப்பு தளர்ந்து, மிதிக்க மிதிக்க ஒன்றும் நடவாத ஒரு கணம் வந்துவிடும். இன்றும் அந்தக் கணவாயில் ஆஞ்சநேயர் சந்நிதியைக் கடக்கும் ஓட்டுநர்கள் கை எடுத்துக் கும்பிடாமல் போவதில்லை.

சரிவின் தலைப்பிலேயே அவர் வேகத்தைக் குறைத்தார். கிளச்சை மிதித்து, கியரை நடுவில் விட்டு, கிளச்சை விடுத்து, ஒருமுறை உறுமவிட்டு, மீண்டும் கிளச்சை மிதித்துக் கீழ்க் கியருக்கு இறங்கினார். அந்நாளைய கியர்ப்பெட்டிகளுக்கு இந்த இரட்டைக் கிளச் அவசியம். பற்சக்கரங்கள் இரண்டும் ஒத்த வேகத்துக்கு வந்தாலன்றி அவை சேரா. முரண்டு பிடித்துக் கரகரக்கும். அவர் கையில் ஓசையே எழவில்லை.

‘மலை ஏற எந்தக் கியர் வேணுமோ, அதே கியர்லதானுங்க இறங்கோணும். இஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும். பிரேக்கு ஆபத்துக்கு மட்டும்’ என்றார். ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் கிளீனர் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார் என்றும் சொன்னார். தேருக்கு முட்டுக்கட்டை போடுவோர் என் கண்முன் வந்தனர். எத்தனை ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், அந்தக் கட்டையைச் சரியான கணத்தில் சக்கரத்தின் முன் இடுபவர் கையில்தானே தேரும் ஊரும் இருக்கின்றன!

சமவெளிக்கு வந்ததும் ஒரு தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினார். இறங்கியவுடன், தேநீருக்கு முன்பாக, ஓர் இரும்புக் கம்பியால் ஆறு டயர்களையும் தட்டிக்கொண்டு சுற்றி வந்தார். காற்று நிறைந்த டயர் ஒருவிதமாக ஒலிக்கும். குறைந்த டயர் மந்தமாக ஒலிக்கும். மிருதங்கத்தைச் சுருதி சேர்ப்பவரைப் போலவே இருந்தது அவர் காது சாய்த்த விதம்.

பிறகு என்னருகில் வந்து அமர்ந்தார். நானே துணிந்து கேட்டேன்: ‘அண்ணே, அன்றைக்கு வண்டி அந்த நிலையில் இருந்ததே, அது எப்படி மறுபடி ஓடுகிறது?’

அவர் சிரித்தார். கோபம் துளியும் இல்லை. ‘சார், நீங்க கோயிலுக்குப் போறவருங்க. கும்பாபிஷேகத்துக்கு முன்னால திருப்பணி நடக்கும்போது கோயிலப் பார்த்திருப்பீங்க. கோபுரத்தச் சுத்திச் சாரம். சந்நிதி பூட்டியிருக்கும். மேலெல்லாம் சுண்ணாம்பும் தூசியும். அந்த நேரத்துல ஒருத்தரு வந்து பார்த்துப்போட்டு, இங்க சாமி இல்லீன்னு எழுதிட்டுப் போனா எப்படிங்க இருக்கும்? சாமி பாலாலயத்துல இருக்குது. பூசையும் நடக்குது. என்ற இஞ்சின் அன்னைக்குச் சேலத்துல லேத்துப் பட்டறையில இருந்துதுங்க. கிராங்க் தேய்க்கக் கொண்டுபோயிருந்தேன். சக்கரம் டயர்க்கடையில. பாடிக்கு மரம் நாமக்கல்ல அறுத்துட்டிருந்தாங்க. இன்னும் இருபது நாள்ல வண்டி ரோட்டுக்கு வந்திருக்கும். நீங்க என்னைக் கேக்கலீங்க.’

அவ்வளவுதான் அவர் சொன்ன குற்றச்சாட்டு. ஏலத்தில் எடுத்தவர் செய்ததும் அதுதான். சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டிப் பூட்டினார், வண்டி எழுந்துவிட்டது.

என்னால் இயன்ற உதவியாக, புதிய கடனுக்குப் பரிந்துரை செய்வதாகச் சொன்னேன். அவர் தலையை அசைத்தார். ‘கடன் வேண்டாங்க சார். அடுத்த வண்டியப் பார்க்கப் போறப்ப, ஆளையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க.’

தேநீருக்கு அவரே காசு கொடுத்தார். சேலத்தில் என்னை இறக்கிவிட்டுத் தெற்கு நோக்கிப் போய்விட்டார். அதன்பின் அவரை நான் காணவில்லை.

எழுந்துகொண்டே இருக்கும் வண்டி

அந்த இரவுக்குப் பின் லாரிகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. பணி இருந்த மீதி ஆண்டுகளிலும், ஓய்வு பெற்ற பின்னும், பட்டறைகளில் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவை பல.

அந்த நட்சத்திரத்தின் கதை சுவையானது. 1945 இல் தொடங்கிய டெல்கோ நிறுவனம், 1954 இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கிற்று. பதினைந்து ஆண்டு ஒப்பந்தம். அது முடிந்த 1969 க்குப் பின் நட்சத்திரம் போய் டாடாவின் சின்னம் அமர்ந்தது. ஆகவே நட்சத்திரம் தாங்கிய லாரி என்றாலே அது அந்தப் பதினைந்து ஆண்டுகளின் பிள்ளை. 1210 என்று நம் சாலைகளில் பல்லாண்டு ஆண்ட வண்டியின் பெயரும் ஜெர்மானிய முறையில் வைத்ததே. முதல் இரு இலக்கம் மொத்த எடையை டன் கணக்கில் சொல்லும். அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன் ஏறத்தாழ வந்துவிடும்.

நம் எண்ணூரின் கதை இன்னும் நெருக்கமானது. 1948 இல் ரகுநந்தன் சரண் என்பவர் தம் மகன் பெயரால் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றார். பின்பு இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு கைகோத்து லாரிக்கு மாறினார்கள். 1955 இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிற்று. காமெட் என்ற அதன் லாரி, வால்நட்சத்திரம் என்னும் பெயருக்கேற்பத் தமிழகச் சாலைகளில் இரவும் பகலும் வலம் வந்தது. அந்த லேலண்ட் என்பது இங்கிலாந்தின் லங்காஷயரில் ஓர் ஊர். அங்கே பழைய லாரிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. லண்டனிலிருந்து கடலோர நகரமாகிய பிரைட்டனுக்கு, 1962 முதல் பழம்பெரும் லாரிகளை ஊர்வலமாக ஓட்டிச் செல்கிறார்கள். வண்ணம் பூசி, பித்தளையைத் துலக்கி, அன்போடு பேணுகிறார்கள். பாராட்டத்தக்க செயலே.

ஆனால் நம் ஊரில் பழைய லாரியைப் பேணும் முறை வேறு. இங்கே அதற்கு ஓய்வு கிடையாது. ஓடிக்கொண்டே பேணப்படுகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது வெறும் சேஸிஸும் முகமும்தான். மேலே கூரை இல்லை, கதவு இல்லை. ஓட்டுநர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வந்து நாமக்கல் பட்டறையில் சேர்ப்பார். அங்கே தச்சரும் கொல்லரும் வர்ணம் தீட்டுவோரும் சேர்ந்து உடல் கொடுப்பார்கள். நெற்றியில் குலதெய்வத்தின் பெயர் எழுதப்படும். பிறகு முதல் பயணம் நாமக்கல் ஆஞ்சநேயர் சந்நிதிக்கு. கோபுரமும் கூரையும் வேண்டாமென்று, பதினெட்டு அடி உயரத்தில், வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் அந்தப் பெருமானுக்கும், கூரையில்லாமல் ஓட்டி வந்த அந்தச் சேஸிஸ் ஓட்டுநருக்கும் ஏதோ உறவு இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

அதன்பின் ஆண்டுகள் ஓடும். டயர் மாறும், அடுக்குப் பட்டை ஸ்பிரிங்கில் ஒடிந்த பட்டை மாறும், மரப்பலகை மாறும், இஞ்சினே மாறினாலும் மாறும். மாறாதிருப்பது சேஸிஸில் பொறித்த அந்த எண் ஒன்றுதான். சட்டத்தின் பார்வையில் அந்த எண்தான் வண்டி. விமானத்தைப் புதுப்பிக்கிறோம்; மண்டபத் தூணை மாற்றுகிறோம்; வர்ணம் தீட்டுகிறோம்; மருந்து சாத்துகிறோம். ஆயினும் ‘ஆயிரம் ஆண்டுக் கோயில்’ என்றுதானே சொல்கிறோம்? ஜீரணமானதை எடுத்து நிறுத்துவதற்கு ஜீர்ணோத்தாரணம் என்று நம் ஆகமங்கள் பெயரிட்டன. பட்டறைக்காரர் அதைப் ‘புல் வேலை’ என்கிறார்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்பது மரபு. இரண்டே அச்சு கொண்ட லாரிக்குப் பன்னிரண்டு வயது கடந்தால் தேசிய பெர்மிட் கிடையாது என்பது மோட்டார் வாகன விதி. பல அச்சு வண்டிக்குப் பதினைந்து. காசியும் கல்கத்தாவும் கண்ட வண்டி, அந்த வயதில் ஊருக்குத் திரும்புகிறது. அதனோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. செங்கல் சுமக்கும், கரும்பு சுமக்கும், கோடையில் தண்ணீர் சுமக்கும், மாரியம்மன் பண்டிகைக்குப் பந்தல் கால் சுமக்கும். அறுபது வயதில் வேலையை விட்டு வீடு திரும்பிய நம்மைப் போன்றவர்களுக்கு, அந்த வண்டிகளைப் பார்க்கையில் ஒரு நெருக்கம் ஏற்படத்தான் செய்கிறது. முழங்கால் தேய்ந்திருக்கலாம், தொலைதூரப் பயணம் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருக்கலாம். பேரனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் பாரம் இன்னும் நம்முடையதுதானே?

240 சக்கரங்களில் வந்த பெருமாள்

புதிய வண்டிகளிடமும் எனக்குப் பற்று உண்டு. அவற்றுள் கண்ணை விட்டு அகலாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசிக்கு அருகில் உள்ள கொரக்கோட்டையில், ஒரே பெரும் பாறையை வெட்டி எடுத்து, பெங்களூர் ஈஜிபுராவின் விஸ்வரூப மகாவிஷ்ணுவின் திருவுருவுக்காகக் கொண்டுசென்றதை அன்பர்கள் அறிவீர்கள். 2018 இன் இறுதியில் புறப்பட்ட அந்தப் பயணம் 2019 இன் நடுப்பகுதியில்தான் நிறைவெய்திற்று. திருமுகம் செதுக்கிய அந்தக் கல்லைச் சுமந்தது 240 சக்கரங்கள் கொண்ட டிரெய்லர். கிருஷ்ணகிரிப் பக்கம் அது வந்திருந்தபோது, நண்பர் ஒருவருடன் போய்ப் பார்த்தேன்.

கூட்டம் கூட்டமாக மக்கள். கற்பூரம், தேங்காய், துளசி மாலை. எல்லோரும் மேலே சயனித்திருந்த பெருமாளைப் பார்த்தார்கள். நானும் சேவித்தேன். பிறகு என் கண் கீழே சென்றது. வரிசை வரிசையாக அச்சுகள். ஒவ்வொன்றின்மேலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் தாங்கி. சாலையில் பள்ளம் வந்தால் அந்தச் சக்கரம் மட்டும் தாழும். மேடு வந்தால் அது மட்டும் உயரும். மேலே இருக்கும் பாரம் சாயாது. இத்தனை சக்கரங்கள் எதற்கு என்றால், பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்கு. ஒரே இடத்தில் அத்தனை எடையும் அழுத்தினால் சாலை உள்வாங்கிவிடும். சில பாலங்கள் தாங்கமாட்டா என்பதால் அவற்றின் பக்கத்தில் தற்காலிக மண்பாதை அமைத்தே கடந்தார்கள். டயர்கள் வெடித்து, வண்டி பல நாட்கள் நின்றதும் உண்டு.

பக்கவாட்டில் இளைஞர்கள் சிலர் குனிந்து சக்கரங்களையே நோக்கியபடி நடந்தனர். மேலே பெருமாள் இருப்பதை அவர்கள் ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. ஒருவர் கையில் கட்டை இருந்தது. தொப்பூர் இரவின் நினைவு வந்தது. அவர்கள் சேவித்தது அந்தச் சக்கரங்களின் வழியாகத்தான்.

என் ஆயுதம்

சென்ற ஆயுத பூஜைக்குப் போனபோது, சங்ககிரிப் பட்டறையின் மூலையில் நீண்ட மூக்கு வண்டி ஒன்று நின்றிருந்தது. முதுகில் தண்ணீர்த் தொட்டி. நட்சத்திரம் இருந்த இடத்தில் வட்டத் தழும்பு மட்டும். என் நெஞ்சு படபடத்தது. பட்டறைக்காரரிடம் அனுமதி பெற்று, முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் குனிந்து, சேஸிஸ் எண்ணைத் தேடினேன். துணியால் துடைத்துப் பார்த்தேன். அந்த எண் இல்லை.

அதன் உரிமையாளர், முப்பது வயது இருக்கும், ‘என்னங்க ஐயா தேடறீங்க?’ என்று கேட்டார். தெரிந்த வண்டியோ என்று பார்த்தேன் என்றேன். ‘எங்க தாத்தா வண்டிங்க. இப்ப இஞ்சின் வேற, கேபின் வேற. ஆனா தாத்தா வண்டிதானுங்க’ என்றார். சாவியைத் திருகினார். டீசல் இஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. காற்றை அழுத்த அழுத்த அதுவே கனன்று, எண்ணெயைப் பற்றவைத்துக்கொள்ளும். இரண்டு முறை முனகி, மூன்றாம் முறை அந்த முதிய வண்டி உயிர்பெற்று நின்றது. அதன் சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

1984 இல் நான் எடுத்த இரண்டு பென்சில் படிகளில், தெளிவில்லாத ஒன்று கோப்புக்குப் போகாமல் என் நாட்குறிப்பிலேயே தங்கிவிட்டது. ஓட்டுநருக்கு ஸ்டியரிங் ஆயுதம். மெக்கானிக்குக் ஸ்பேனர் ஆயுதம். வங்கியில் அமர்ந்திருந்த எனக்குப் பேனாதான் ஆயுதம். மற்றவர் ஆயுதங்கள் சிதைந்ததைச் சேர்த்தன. என்னுடையது ஒரே வரியில் ஒரு குடும்பத்தின் அரை ஏக்கரை வாங்கிக்கொண்டது. அந்த அண்ணன் கேட்ட ஒன்றை மட்டும் என்னால் நிறைவேற்ற முடிந்தது. அதன்பின் பணியில் இருந்த நாள் மட்டும், உரிமையாளரிடம் பேசாமல் எந்த வண்டியைப் பற்றியும் அறிக்கை எழுதியதில்லை.

ஆண்டுதோறும் சரஸ்வதி பூஜையன்று, புத்தகங்களுக்கும் கணக்கேட்டுக்கும் நடுவே என் பழைய பேனாவை வைத்து, அதன் கீழே அந்தத் தாளையும் வைக்கிறேன். பென்சில் தடம் பெரிதும் மங்கிவிட்டது. கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் இன்னும் தெரிகின்றன. பொட்டிட்டு, பூ வைத்து, விழுந்து வணங்கிய பிறகே சங்ககிரிப் பேருந்துக்குக் கிளம்புகிறேன்.